லண்டன் சாமான்களுக்கு நியூ ஜெர்சியில் எது மாற்று?

கேள்வி: லண்டனின் ஹாரோவில் பல வருடம் இருந்துவிட்டோம். கணவரின் வேலை மாற்றத்தால் இந்தக் கோடையில் நியூ ஜெர்சியின் எடிசனுக்குக் குடிபெயர்கிறோம். வீட்டில் சைவம். இளையவனுக்குத் தோல் ஒவ்வாமை என்பதால் துணிக்கு நொதி சேர்க்காத நான்-பயோ சலவைத்தூள்தான். நான் வாரந்தவறாமல் கேக் செய்பவள். பிள்ளைகளின் காய்ச்சலுக்கான கால்பால், செல்ஃப்-ரெய்சிங் மாவு, டபுள் க்ரீம், கோல்டன் சிரப், டைஜெஸ்டிவ் பிஸ்கட், பாத்திரம் கழுவும் ஃபேரி, பிளாக்கரண்ட் பழப் பானமான ரைபீனா இவற்றுக்கெல்லாம் அங்கே என்ன செய்வது? பெட்டியில் எதை எடுத்து வைப்பது?

பதில்:

கிடைக்காத பொருள்களை நினைத்து அதிகம் கவலைப்படாதீர்கள். ஒரு பொருள் கடையில் இல்லையென்றால் உடனே தெரிந்துவிடும்; வேறு வழி பார்த்துக்கொள்வோம். வம்பு வருவது பெயர் ஒன்றாகவும் சரக்கு வேறாகவும் இருக்கும் இடங்களில்தான். அவை கண்ணில் படாமல் வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் அந்த வகையிலிருந்தே, அதிலும் மருந்து அலமாரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பாரசிட்டமால் என்று கேட்டால் அமெரிக்க மருந்துக்கடையில் பலருக்குப் புரியாது. அங்கே அதற்கு அசிட்டமினோஃபென் என்று பெயர். டைலினால் என்ற பிராண்டில் எங்கும் கிடைக்கும். பிரிட்டனில் 1998 முதல் சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரை, மருந்துக்கடையில் 32 என்று கட்டுப்பாடு இருக்கிறது. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மாத்திரைகள் அடங்கிய புட்டியைப் பாலோடும் ரொட்டியோடும் சேர்த்து வாங்கி வரலாம். ஒரே பிராண்டில் 325, 500, 650 மில்லிகிராம் மாத்திரைகள் உண்டு. போதாததற்கு, சளிக்கும் இருமலுக்குமான பல கூட்டு மருந்துகளிலும் இதே அசிட்டமினோஃபென் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரலுக்கு ஆபத்து. புட்டியின் முகப்பைப் பார்த்து வாங்காமல், பின்புறம் ‘செயல்படும் பொருள்’ என்று அச்சிட்டிருக்கும் வரியைப் படித்து வாங்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சிறு குழந்தைகளுக்கான கால்பாலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் பாரசிட்டமால் இருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானதில் 250. அமெரிக்கக் குழந்தைகள் டைலினாலில் 160. ஆகவே கால்பாலில் பழகிய கரண்டிக் கணக்கு அங்கே செல்லாது. பெட்டியில் உடல் எடைவாரியாக அட்டவணை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, கூடவே வரும் அளவுக் குழலிலேயே கொடுங்கள். நியூரோஃபென் வேண்டுமென்றால் ஆட்வில் அல்லது மோட்ரின். உள்ளே அதே ஐபுப்ரோஃபென்தான்.

பெயர் ஒன்று, சரக்கு வேறு என்பதற்கு மிகச் சிறந்த உதாரணம் பெனட்ரில். பிரிட்டனில் அந்தப் பெயரில் விற்கும் ஒவ்வாமை மாத்திரைகளில் இருப்பது அக்ரிவாஸ்டீன் அல்லது செட்டிரிசின். பெரும்பாலும் தூக்கம் வராது. அமெரிக்க பெனட்ரிலில் இருப்பது டைஃபென்ஹைட்ரமின். பிரிட்டனில் இதே மருந்தை நைட்டால் என்று தூக்க மாத்திரையாக விற்கிறார்கள்! காலையில் தும்மலுக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு காரை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய செட்டிரிசின் அங்கே ஸைர்டெக் என்ற பெயரில் இருக்கிறது. நெஞ்செரிச்சலுக்கான கேவிஸ்கானும் இப்படித்தான், பிரிட்டிஷ் புட்டியின் சேர்மானமும் அமெரிக்க மாத்திரையின் சேர்மானமும் வேறு. ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமாலுக்கு அங்கே அல்பியூட்டரால் என்று பெயர். புறப்படுமுன் உங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் எல்லோருடைய மருந்துப் பட்டியலையும் வேதிப்பெயர்களோடு அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சமையலறை. கேக் செய்பவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் முட்டை, ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. கேக்கில் முட்டை சேர்ப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சேர்க்காதவர் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பிரிட்டனில் நடுத்தர முட்டை 53 முதல் 63 கிராம் வரை, பெரியது 63 முதல் 73 வரை. அமெரிக்காவில் ‘பெரியது’ என்று விற்கும் முட்டையின் சராசரி எடை சுமார் 57 கிராம். அதாவது அங்கத்திய பெரியது உங்கள் நடுத்தரம். பிரிட்டிஷ் குறிப்பு நாலு பெரிய முட்டை கேட்டால் எக்ஸ்ட்ரா லார்ஜ் வாங்குங்கள். இன்னொன்று: அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்பார்கள், அதனால் கட்டாயம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சிங்க முத்திரை போட்ட பிரிட்டிஷ் முட்டையை அரைவேக்காட்டில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்கூடச் சாப்பிடலாம் என்று 2017இல் அந்நாட்டு உணவுத் தர முகமை சொல்லியிருக்கிறது. அமெரிக்காவில் அந்த உறுதிமொழி கிடையாது.

மாவு. செல்ஃப்-ரெய்சிங் மாவு அங்கேயும் உண்டு. ஆனால் அது தென்மாநிலத்தார் காலையில் செய்யும் ஒருவகை மெத்தென்ற ரொட்டிக்காக உருவானது, உப்பு கலந்திருக்கும். அதில் விக்டோரியா ஸ்பாஞ்ச் செய்தால் உப்புக் கரிக்கும். நீங்களே கலந்துகொள்வது மேல்: 150 கிராம் சாதா மாவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். சாதா மாவு என்பது அங்கே ஆல்-பர்பஸ். இது பிரிட்டிஷ் மாவைவிடச் சற்று முறுக்கானது, அதாவது புரதம் கூடியது. உதாரணமாக, கிங் ஆர்தர் மாவில் 11.7 சதவீதம் புரதம். பிஸ்கட்டுக்கும் ‘பை’ (pie) பண்டத்துக்கும் பரவாயில்லை, ஸ்பாஞ்சுக்கு ரப்பர்த்தன்மை தட்டும். நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு புரதம் குறைந்த கேக் ஃப்ளவர் சேருங்கள். மாவை வெளுக்கும் வழக்கம் பிரிட்டனில் இல்லை, அங்கே உண்டு. ‘அன்பிளீச்ட்’ என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கஸ்டர்டுக்கும் குழம்பு கெட்டிப்படவும் நீங்கள் போடும் கார்ன்ஃப்ளோர் அங்கே கார்ன் ஸ்டார்ச். அமெரிக்கக் கடையில் கார்ன் ஃப்ளவர் என்றே போட்ட பொட்டலமும் இருக்கும்; அது மக்காச்சோளத்தை அப்படியே அரைத்த மஞ்சள் மாவு. சர்க்கரைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அவர்களுடைய சாதாச் சர்க்கரையே பிரிட்டிஷ் சாதாச் சர்க்கரையைவிடப் பொடியாகத்தான் இருக்கும். பெரும்பாலான கேக்குகளுக்கு நுண்ணிய காஸ்டர் சர்க்கரையின் இடத்தில் அதையே போடலாம். முட்டை வெண்கருவில் செய்யும் மெரிங்குக்கு மட்டும் மிக்ஸியில் ஒரு சுற்று.

டபுள் க்ரீமுக்கு நேர் மாற்று கிடையாது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால் நிம்மதி. பிரிட்டிஷ் டபுள் க்ரீமில் கொழுப்பு 48 சதவீதம். அமெரிக்க ஹெவி க்ரீமுக்குச் சட்டம் கேட்பது 36 மட்டுமே. அடித்து நுரைக்கவும் சூப்பில் ஊற்றவும் அது போதும். பழத்தின்மேல் கெட்டியாக ஊற்றிச் சாப்பிட வேண்டுமென்றால் மஸ்கார்போனே சீஸை ஹெவி க்ரீமில் கரைத்துக்கொள்ளுங்கள். சிங்கிள் க்ரீமின் 18 சதவீதத்துக்கு லைட் க்ரீம் நெருங்கி வரும். காப்பிக்குப் போடும் ஹாஃப் அண்ட் ஹாஃப் அதைவிட நீர்த்தது. கொழுப்பைப் பாதி எடுத்த பச்சை மூடிப் பாலுக்கு 2 சதவீதப் பால். மூடி நிறத்தை நம்பாதீர்கள். அமெரிக்காவில் நிறத்துக்கு ஒரே ஒழுங்கு இல்லை, பல கடைகளில் சிவப்பு மூடிதான் முழுக்கொழுப்புப் பால்.

கோல்டன் சிரப்பின் பச்சைத் தங்க நிற டப்பா சில பெரிய கடைகளின் வெளிநாட்டுப் பொருள் வரிசையில் இருக்கும், விலைதான் கசக்கும். கார்ன் சிரப்பை மாற்றாகச் சொல்வார்கள். இனிப்பு வரும், அந்த வறுபட்ட மணம் வராது. வீட்டில் செய்துகொள்வதே நல்லது. பாகு காய்ச்சத் தெரிந்தவருக்கு இது பெரிய வித்தையே இல்லை. 100 கிராம் சர்க்கரையை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரோடு தேன்நிறம் வரும்வரை வறுத்து, 300 மில்லி கொதிநீரைக் கவனமாக ஊற்றி (பொங்கித் தெறிக்கும்), 500 கிராம் சர்க்கரையும் இரண்டு எலுமிச்சை வில்லைகளும் போட்டு, மிகச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வையுங்கள். எலுமிச்சையின் புளிப்பு சர்க்கரையை உடைத்துவிடுவதால் பாகு உறைந்து கற்கண்டாகாது. கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கிவிட வேண்டும். ஆறியபின் தானே கெட்டிப்படும். கரிய பாகான பிளாக் ட்ரீக்கிளுக்கு மொலாசஸ், ஆனால் பிளாக்ஸ்ட்ராப் என்று எழுதியதை விட்டுவிடுங்கள். அது கசப்பு.

சைவம் என்றதால் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் பொட்டலத்தைத் திருப்பினால் சைவக் குறி கண்ணில் படும். சூப்பர்மார்க்கெட்டுகளே தங்கள் பொருள்களில் அச்சிட்டுவிடும். அமெரிக்காவில் அந்தப் பழக்கம் குறைவு. ஹைன்ஸ் பீன்ஸ் என்று நினைத்து அங்கத்திய பேக்ட் பீன்ஸை எடுத்தால், முன்னணி பிராண்டான புஷ்ஷின் ஒரிஜினல் வகையிலேயே பேக்கன் இருக்கிறது. ‘வெஜிடேரியன்’ என்று தனியாக எழுதிய டப்பாதான் உங்களுக்கு. பாப்-டார்ட்ஸ், சில தயிர்வகைகள், சர்க்கரை பூசிய சில காலையுணவுத் தானியங்கள் என்று எதிர்பாராத இடங்களில் ஜெலட்டின் உட்கார்ந்திருக்கும். யூதர்களுக்கான கோஷர் முத்திரையைச் சைவ முத்திரையாக எடுத்துக்கொள்ளும் நம்மவர்கள் உண்டு. அது சரியல்ல, மீனிலிருந்து எடுத்த ஜெலட்டினுக்கும் அந்த முத்திரை கிடைக்கும். ‘வீகன்’ என்று எழுதியிருந்தால் ஐயமில்லை.

சலவைக்கு வருவோம். பயோ, நான்-பயோ என்ற பிரிவினையே அமெரிக்கக் கடையில் இருக்காது. அங்கே ‘ஃப்ரீ’ என்று எழுதிய வகைகள் இருக்கின்றன. அதன் பொருள் வாசனையும் நிறமும் இல்லை என்பது மட்டுமே. நொதிகள் இல்லை என்பதல்ல. நொதியையே தவிர்க்க விரும்பினால் பின்புறப் பட்டியலில் புரோட்டியேஸ், அமைலேஸ் என்ற சொற்கள் இல்லாததைத் தேடுங்கள். பர்சில் என்ற பெயரைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். பிரிட்டனில் அது யூனிலீவருடையது, அமெரிக்காவில் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்துடையது. பெயர் ஒன்றே தவிர, சரக்கு ஒன்றல்ல. வாசனைப் பொருளும் தோலை உறுத்தக்கூடியதே, ஆகவே வாசனையற்ற ஒன்றை எடுத்து முதலில் ஒரு தலையணை உறையைத் துவைத்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் துணி முழுவதற்கும் போடலாம். முன்பக்கக் கதவுள்ள இயந்திரமென்றால் எச்.ஈ. என்ற குறி போட்ட சோப்பு வேண்டும்.

மற்ற சுத்தப் பொருள்களில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. பெயரை மறந்துவிட்டு உரிமையாளரைப் பாருங்கள். ஃபேரி, ஏரியல், லெனோர், ஃப்ளாஷ் நான்கும் பிராக்டர் அண்ட் கேம்பிளுடையவை. அதே நிறுவனம் அமெரிக்காவில் முறையே டான், டைடு, டவுனி, மிஸ்டர் கிளீன் என்று விற்கிறது. பாத்திரம் தேய்க்க டான், ஃபேரிக்குக் குறைந்ததல்ல. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான உப்பைத் தேடி அலையாதீர்கள். அங்கத்திய இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் உப்புக்குத் தொட்டியே கிடையாது. கண்ணாடி துடைக்கும் விண்டெக்ஸில் அம்மோனியா இருக்கிறது. அதையும் ப்ளீச்சையும் ஒரே இடத்தில் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

இந்தக் குறுக்குவழி சறுக்கும் இடம் டெட்டால். ரெக்கிட் நிறுவனம் அமெரிக்காவில் டெட்டாலுக்குப் பதில் லைசால்தான் விற்கிறது என்பார்கள். தரை துடைக்கச் சரி. ஆனால் சிராய்ப்பைக் கழுவ நீங்கள் நீரில் கலக்கும் டெட்டால் வேறு, லைசால் வேறு. லைசாலை உடம்பில் போடக் கூடாது. உண்மையான டெட்டால் எங்கே கிடைக்கும் என்றால், இந்தியக் கடையில்.

உங்கள் கேள்விக்கு முக்கியமான பதிலே இதுதான். அமெரிக்காவில் பிரிட்டிஷ் சாமானுக்கு முதலில் போக வேண்டிய இடம் பிரிட்டிஷ் கடை அல்ல, இந்தியக் கடை. அதுவும் நீங்கள் போவது எடிசனுக்கு. ஓக் ட்ரீ ரோடு முழுவதும் இந்தியக் கடைகள். வெள்ளைக்காரன் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்றவை அவன் போன பிறகும் நம் வீடுகளில் தங்கிவிட்டன. அவற்றை நாம் அமெரிக்காவுக்கும் கூட்டிக்கொண்டு போனோம். கஸ்டர்ட் பவுடரைப் பாருங்கள். 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக, முட்டையில்லாமல் செய்தது. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் அப்படி ஒன்று எளிதில் கிடைக்காது. அவர்களுடைய புட்டிங் பவுடர் வேறு சங்கதி. ஓக் ட்ரீ ரோட்டில் வீக்ஃபீல்டும் பிரவுன் அண்ட் போல்சனும் அடுக்கி வைத்திருப்பார்கள். பிரவுன் அண்ட் போல்சன் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்து நிறுவனம்; பிறந்த ஊரைவிட இன்று நம்மூர்ச் சமையலறைகளில்தான் அந்தப் பெயருக்கு வாழ்வு. அங்கே ‘கார்ன்ஃப்ளோர்’ என்று எழுதியிருந்தால் அது பிரிட்டிஷ் அர்த்தத்தில்தான், கவலையில்லாமல் எடுக்கலாம்.

ஈனோ, பியர்ஸ் சோப்பு, போர்ன்விட்டா, மாரி பிஸ்கட் (லண்டனின் பீக் ஃப்ரீன்ஸ் 1874இல் ஓர் அரச குடும்பத் திருமணத்துக்காகச் செய்தது), செமோலினா புட்டிங்குக்கு ரவை, தேய்த்து உலர்த்திய தேங்காய், பாதாம் பொடி எல்லாம் ஒரே கூரையின் கீழ். டைஜெஸ்டிவ் பிஸ்கட்டும் பெரும்பாலும் இங்கேயே இருக்கும். அமெரிக்கர்கள் அதற்கு ஈடாகச் சொல்லும் கிரஹாம் கிராக்கர் சீஸ்கேக்கின் அடித்தளத்துக்கு மட்டும் லாயக்கு; டீயில் நனைத்துச் சாப்பிட நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஹார்லிக்ஸ் இருக்கும், ஆனால் அது இந்திய ஹார்லிக்ஸ், சுவை சற்று வேறு. வேடிக்கை என்னவென்றால் அதைக் கண்டுபிடித்த ஹார்லிக் சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய், 1873இல் அங்கேதான் தொழிலைத் தொடங்கினார்கள். தொடங்கிய நாட்டில் இன்று அது நம் கடையைத் தாண்டி அபூர்வம்.

டீயும் இதே வழிதான். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டின் மலிவான டீப்பைகள் ஐஸ் டீயை மனத்தில் வைத்துச் செய்தவை. பால் ஊற்றினால் வெளிறிவிடும். யார்க்‌ஷயர் டீ பல கடைகளில் கிடைக்கிறது. பி.ஜி. டிப்ஸ் பழகிய நாக்குக்கு இந்தியக் கடையின் ரெட் லேபிள் ஒத்துப்போகும். இரண்டும் புரூக் பாண்ட் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். மசாலாப் பொடி, பருப்பு என்று வந்தால் டி.ஆர்.எஸ்., ஈஸ்ட் எண்ட், ராஜா ஆகிய பிரிட்டிஷ் பெயர்களுக்குப் பதிலாக ஸ்வாத், டீப், லக்ஷ்மி என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். எலிஃபண்ட் ஆட்டாவுக்கு ஆசீர்வாத் அல்லது சுஜாதா. அதில் பழக ஒன்றுமில்லை.

இந்தியக் கடையும் கைவிடும் பொருள்கள் சில உண்டு. ரைபீனாவின் கதை ஒரு செடியின் கதை. கருந்திராட்சை போன்ற பழம் தரும் அந்த பிளாக்கரண்ட் செடி, அமெரிக்காவின் வெள்ளைப் பைன் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது என்று 1910களில் அதை வளர்ப்பதையே தடை செய்தார்கள். 1966இல் முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. நியூயார்க் 2003இல்தான் தளர்த்தியது. இரண்டு மூன்று தலைமுறை அந்தச் சுவையே தெரியாமல் வளர்ந்துவிட்டது. அதனால்தான் அங்கே ஊதா நிற மிட்டாய் என்றால் திராட்சைச் சுவை. ரைபீனாவை இறக்குமதிக் கடையில்தான் வாங்க வேண்டும். தண்ணீர் கலந்து குடிக்கும் ஸ்குவாஷ் வழக்கமே அங்கே குறைவு என்பதால் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாள் ஏக்கமாக இருக்கும்.

கேட்பரி இன்னொரு வழக்கு. அமெரிக்காவில் 1988 முதல் அந்தப் பெயரில் சாக்லேட் செய்யும் உரிமை ஹெர்ஷி என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. பிரிட்டனில் செய்த கேட்பரியை இறக்கி விற்றுவந்த ஓர் இறக்குமதி நிறுவனத்தோடு 2015இல் ஹெர்ஷி சமரசம் செய்துகொண்டு அந்த வரத்தை நிறுத்தியது. சாக்லேட்டுக்கு என் யோசனை ஆல்டி, லிடில் கடைகள். இரண்டும் நியூ ஜெர்சியில் இருக்கின்றன; ஐரோப்பியச் சாக்லேட் மலிவாகக் கிடைக்கும். மற்றபடி நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 1985இல் தொடங்கிய மையர்ஸ் ஆஃப் கெஸ்விக் என்ற பிரிட்டிஷ் மளிகைக் கடை பேர்போனது. பக்கத்திலேயே, நியூ ஜெர்சியின் கெர்னி நகரம் ஸ்காட்லாந்திலிருந்து நூல் ஆலை வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய ஊர். அங்கத்திய கடைகளின் புகழ் இறைச்சி அடைத்துச் சுடும் ‘பை’ பண்டத்திலும் மீன் வறுவலிலும்தான், சைவர்களுக்கு அங்கே வேலை அதிகமில்லை.

பெட்டியில் என்ன வைப்பது? கிராம் காட்டும் சமையல் தராசு, உங்கள் அளவுக் கரண்டிகள், பிரிட்டிஷ் அளவுக் குவளை. அமெரிக்கர்கள் கோப்பைக் கணக்கில் சமைப்பார்கள். அவர்களுடைய பைண்ட் 473 மில்லிலிட்டர், உங்களுடையது 568. அடுப்பு பாரன்ஹீட்டில் இருக்கும்: 180 டிகிரி செல்சியஸுக்கு 350 வையுங்கள். பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்களுக்குப் போதுமான அளவு பிடித்த தீனி, பழகிய தோல் களிம்பு, ஒரு சிறு பொட்டலம் நான்-பயோ. இவை போதும். உணவுப் பொருள் எதுவானாலும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். மாட்டிறைச்சிச் சாறு கலந்த சூப்புக் கட்டிகள்தான் பெரும்பாலும் பிடிபடும், அது உங்களுக்கு இல்லை. ஆனால் பிள்ளைகளின் பையைச் சோதித்துவிடுங்கள்: உள்ளே பொம்மை வைத்த கிண்டர் சர்ப்ரைஸ் முட்டை அமெரிக்காவுக்குள் வரக் கூடாது. உணவுப் பண்டத்துக்குள் உண்ண முடியாத பொருளை வைப்பதை 1938ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கெட்டிலைக் கொண்டு போகாதீர்கள். பிரிட்டனின் 230 வோல்ட்டில் 3 கிலோவாட் இழுக்கும் கெட்டில் அமெரிக்காவின் 120 வோல்ட்டில் உருப்படியாக வேலை செய்யாது. அங்கே விற்கும் கெட்டிலின் சக்தியே பெரும்பாலும் 1500 வாட் என்பதால் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஆகும். நம் வீடுகளில் அடுப்பில் பாலும் தூளும் சேர்த்துக் காய்ச்சுவதுதானே வழக்கம். எடிசனில் பலர் அதற்கே திரும்பிவிடுகிறார்கள்.